செல்போனும் இணையமும் வந்தால் ஊர் முன்னேறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்கள், டிஎன்பிஎஸ்சி முதன்மைத் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஊராட்சி வேலைகளில் இருப்பவர்கள், அப்புறம் "இதனால எல்லாம் என்ன சார் ஆகப்போகுது" என்று சலித்துக்கொள்பவர்கள் என்று பலரிடமிருந்தும் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. அவற்றை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. கென்யாவும் பெருவும் தேவைப்படும் இடத்தில் வரும்.

தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்றால் கம்ப்யூட்டர்தானே?

கம்ப்யூட்டர், செல்போன், இணையம், வானொலி, டிவி, ரேஷன் கடையில் இருக்கும் கைரேகைக் கருவி எல்லாமே இதில் அடக்கம். ஊர்ப் பொது இடத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியையும் நான் சேர்த்துக்கொள்வேன். காரணம் கீழே வருகிறது.

இந்தியா எந்த நிலையிலிருந்து கிளம்பியது?

1991-ல் ஏறத்தாழ 84 கோடி மக்களுக்கு மொத்தம் 50 லட்சம் தொலைபேசி இணைப்புகள்தான் இருந்தன. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். வீட்டில் போன் இருந்தால் அந்தத் தெருவுக்கே அதுதான் நம்பர்.

இந்த நிலையை முதலில் அசைத்தது செல்போன் இல்லை. 1984-ல் தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பிட்ரோடாவின் முன்முயற்சியில் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் செய்த சிறிய கிராமப்புறத் தொலைபேசி நிலையக் (எக்ஸ்சேஞ்ச்) கருவிதான். வெளிநாட்டுக் கருவிகளுக்குக் குளிர்சாதன அறை வேண்டும். இது நம் ஊர் வெயிலையும் தூசியையும் தாங்கி ஏசி இல்லாமலே ஓடியது. 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதல் நிலையம் வந்தது. அதைத் தொடர்ந்து காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும், மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி பூத்கள் பரவின. கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காக வரிசையில் நின்றதும், மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே பேச்சைச் சுருக்கியதும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பூத் ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு அதுவே பிழைப்பானது. வேலைவாய்ப்பு என்றதும் ஐடி கம்பெனியை மட்டும் நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. வரும் அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. 2003-ல் அந்தக் கட்டணம் ஒழிந்த பிறகுதான் செல்போன் சாதாரண மக்கள் கைக்கு வந்தது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை தரைமட்டமானது. இன்று 110 கோடிக்கும் மேல் மொபைல் இணைப்புகள்.

எல்லாம் சரி. ஒரு ஏழையின் வருமானம் இதனால் கூடியதற்குச் சான்று உண்டா?

உண்டு. அதிகம் பேசப்படும் சான்று வடகேரளக் கடற்கரையிலிருந்து வருகிறது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 1996 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் மத்தி மீன் விற்பனையைத் தொடர்ந்து கணக்கெடுத்தார். செல்போன் கோபுரங்கள் அந்தக் கரையோரத்தில் ஒவ்வொரு பகுதியாக வந்த காலம் அது.

போன் வருவதற்கு முந்தைய நிலையை அவர் ஒரே நாளை வைத்துக் காட்டுகிறார். 1997 ஜனவரி 14, கோழிக்கோடு மாவட்டத்தின் வடகரை. பதினோரு மீனவர்கள் கரைக்கு வந்தபோது வாங்க ஆளில்லை. பிடித்த மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த மற்ற சந்தைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவே இல்லாமல் போனது ஒரு போன் கால்.

கோபுரம் வந்ததும் கரையிலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வரை சிக்னல் எட்டியது. படகிலிருந்தபடியே நான்கைந்து இடங்களில் விலை கேட்டுவிட்டு எங்கே கரை சேர்வது என்று முடிவெடுத்தார்கள். மீன் வீணாவது கிட்டத்தட்ட நின்றது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8% கூடியது, வாங்குபவர்களுக்கு விலை 4% குறைந்தது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே நேரத்தில் லாபம் என்பது பொருளாதாரத்தில் அபூர்வம். உலகம் முழுக்க இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது அதனால்தான்.

அந்தக் கரையில் போன் வருவதற்கு முன்பே பல விஷயங்கள் தயாராக இருந்தன என்பதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு மீன் சந்தை இருந்தது. திசை மாற்றிப் போக இயந்திரப் படகு இருந்தது. பிறகு கேரளத்துக்கே போய்ப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், மற்ற பகுதிகளிலும் சிறு படகுகளிலும் நிலைமை வேறு என்று எழுதினார்கள்.

அப்படியென்றால் விவசாயிக்கு விலையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் போதுமே?

போதாது. கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியவர் வேறு சந்தையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட என்று தெரிந்துகொண்டு என்ன செய்வார்? அதே மண்டிக்குத்தான் தக்காளியை ஏற்றிப் போவார். போக்குவரத்து, கடன், குளிர்பதனக் கிடங்கு மூன்றும் சரியில்லாத இடத்தில் விலைத் தகவல் வயிற்றெரிச்சலைத்தான் கூட்டும். 2016-ல் மத்திய அரசு இ-நாம் என்ற மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. வெளியூர் வியாபாரி நேரில் பார்க்காத சரக்குக்கு விலை சொல்ல வேண்டுமானால், அதன் தரத்தைச் சோதித்துச் சொல்ல சந்தையிலேயே ஆளும் கருவியும் வேண்டும். மென்பொருளை எழுதுவதைவிட அதுதான் கஷ்டமான வேலை.

கிராமந்தோறும் இணைய மையம் என்று பேசினார்களே, அவை என்ன ஆயின?

பல மூடப்பட்டுவிட்டன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரிலேயே மூன்று விதமான முடிவுகளைப் பார்க்கலாம்.

2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் சென்னை ஐஐடியின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து கிராம இணைய மையங்கள் தொடங்கின. பிறப்புச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்கு மையத்திலிருந்தே மனு அனுப்பலாம். தொடக்கத்தில் கூட்டம் வந்தது. மறுமுனையில் அந்த மனுவைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரிகள் இருந்தார்கள். ஆர்வமான அதிகாரிகள் மாற்றலாகிப் போன பிறகு மனுக்கள் தேங்கின. பதில் வராத மையத்துக்குக் காசு கொடுத்து யார் வருவார்கள்? கடன் வாங்கி மையம் நடத்திய இளைஞர்கள் கைவிட்டார்கள், பெரும்பாலானவை மூடப்பட்டன. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாலுகா ஆபீஸில் கோப்பு நகரவில்லை.

இதற்கு அருகிலேயே வேறொரு கதை. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் தேனி மாவட்டச் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் தொடங்கியது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். அப்போது அந்த ஊர்களில் நல்ல இணையம் கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் சாதாரண வைஃபையையே நீண்ட தூரம் போகும்படி மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களாக வளர்ந்திருக்கிறது. கண்ணாடியா, சொட்டு மருந்தா, அறுவை சிகிச்சையா என்பது அன்றே முடிவாகிவிடும். அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தயாராக இருக்கும். வீடியோவுக்குப் பின்னால் ஒரு முழு மருத்துவமனை நிற்கிறது.

மூன்றாவது புதுச்சேரி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலுக்கான அலைக் கணிப்பு கிடைத்தது. அதை எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 காலை, அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் போன் செய்தார். கடலில் நிலநடுக்கம், உடனே வெளியேறுங்கள் என்றார். ஊரார் தகவல் மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலை வந்து 150-க்கும் மேற்பட்ட வீடுகளையும் படகுகளையும் அடித்துப்போனது, ஆனால் ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள். ஒலிபெருக்கியை ஏன் பட்டியலில் சேர்த்தேன் என்று இப்போது புரியும்.

ரேஷன் கடைக் கைரேகைக் கருவி ஊழலை ஒழிக்கிறதா, ஏழையைத் துரத்துகிறதா?

இரண்டும் நடந்திருக்கிறது. எது நடக்கும் என்பது விரல் பதியாதபோது என்ன செய்வது என்ற விதியைப் பொறுத்தது.

மாதத்தின் முதல் வாரத்தில் எந்தக் கடை வரிசையிலும் இதைப் பார்க்கலாம். விற்பனையாளர் கருவியை நீட்டுகிறார். பாட்டி கட்டை விரலை வைக்கிறார், ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் ரேகை மழுங்கிப்போன கை அது. ஓடிபி அனுப்பலாம் என்றால் பதிவான நம்பர் திருப்பூரில் இருக்கும் மகனுடையது. அவர் ஷிஃப்ட்டில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இந்த இடத்தில் விற்பனையாளர் பதிவேட்டில் எழுதிக்கொண்டு அரிசியைப் போடலாமா, கூடாதா? முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்தது. ரேகை பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்பது அரசு உத்தரவு. முடியாதவர்கள் இன்னொருவரை நியமித்துப் பொருள் வாங்கவும் வழி உண்டு. எல்லாக் கடைகளிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்பதற்கு ஒரு விதி இருக்கிறது.

கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூன்று பொருளியலாளர்களும் இரண்டு மாநிலங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய ஆந்திரப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியைக் கைரேகை ஸ்மார்ட் கார்டு வழியாகக் கொடுத்தபோது கசிவு, அதாவது பயனாளிக்குப் போய்ச் சேராமல் நடுவில் காணாமல் போகும் பணம், 41% குறைந்தது, குடும்பங்களின் அந்தத் திட்ட வருமானம் 24% கூடியது. அங்கே கார்டு இல்லாதவர்களுக்குப் பழைய முறையிலும் கூலி கொடுத்தார்கள். ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ஆதார் கைரேகையைக் கட்டாயமாக்கினார்கள், மாற்று வழி சரியாக வைக்கவில்லை. அங்கே கசிவு குறையவில்லை. அதற்கு மாறாக, முன்கூட்டியே ஆதாரை இணைக்காத வீடுகளுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சராசரியாக 10% குறைந்தது. ஆய்வாளர்கள் அதே மூவர், கருவியும் கிட்டத்தட்ட அதேதான்.

எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் தேடுவது "இது வேலை செய்யாவிட்டால்?" என்ற பத்தியைத்தான். பல அரசாணைகளில் அது கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் தினம் இரண்டு முறை போட்டோவோடு ஆப்பில் வருகைப் பதிவு கட்டாயமானபோது, சிக்னல் இல்லாத கண்மாய்க் கரையில் நின்ற பெண்கள் கேட்டதும் இதைத்தான்.

கென்யாவின் எம்-பெசா நம் யூபிஐ மாதிரிதானா?

பயன் ஒன்று, கட்டமைப்பு வேறு. எம்-பெசா 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனத்திடமிருந்து வந்தது. பேங்க் கணக்கு வேண்டாம், பட்டன் போன் போதும், எஸ்எம்எஸ்ஸில் பணம் போகும். தெருமுனைக் கடைக்காரர்தான் ஏஜென்ட். அவரிடம் பணத்தைப் போடலாம், எடுக்கலாம். முதலில் சிறுகடன் தவணை கட்டுவதற்காக முயன்று பார்த்தார்கள். மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். நிறுவனம் அதைக் கவனித்துத் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது. இந்தப் புத்திசாலித்தனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அதுவரை நைரோபியில் வேலை பார்த்தவர் ஊருக்குப் பணம் அனுப்ப பஸ் டிரைவரையோ போகிற நண்பரையோ நம்பவேண்டியிருந்தது. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எம்-பெசாவால் கென்யக் குடும்பங்களில் 2%, அதாவது 1.94 லட்சம் குடும்பங்கள், வறுமையிலிருந்து வெளியே வந்தன. பெண்கள் தலைமையிலான குடும்பங்களுக்குப் பலன் இன்னும் அதிகம். நோய், வேலையிழப்பு என்று அடி விழும்போது உறவினரிடமிருந்து பணம் உடனே வந்து சேர்ந்தது முக்கியக் காரணம்.

யூபிஐ பேங்க் கணக்கின் மேல் கட்டப்பட்டது. 2014-ல் தொடங்கிய ஜன்தன் கணக்குகள், ஆதார், மலிவான டேட்டா எல்லாம் அடியில் இல்லாமல் 2016-ல் அது எழுந்திருக்காது. 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால் டீக்கடை வரை போனது. 2023 ஆகஸ்டில் முதல் முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. பூக்கார அம்மா சில்லறைக்கு அலைவதில்லை, உண்மைதான். அவருடைய வட்டிக் கடன் குறைந்ததா என்பது வேறு கேள்வி. அதை, பணம் வந்ததும் குரல் கொடுக்கும் ஸ்பீக்கர் பெட்டி சொல்லாது.

பள்ளிக்கு லேப்டாப் கொடுத்தால் கல்வி உயருமா?

தனியாகக் கொடுத்தால் உயராது. பெரு நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு மலிவு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வில் கணக்கு, மொழிப் பாட மதிப்பெண்களில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பின் கற்றல் இழப்பை மீட்பதில் நிரூபணமாகப் பலன் தந்தது, 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. சாயங்காலம் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள்தான் அங்கே தொழில்நுட்பம். இருந்தாலும் இலவச லேப்டாப்பை வீண் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் முதல் கம்ப்யூட்டராக அது வந்தபோது பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் கிடைத்த தைரியம் மதிப்பெண்ணில் தெரியாது. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும், அவ்வளவுதான்.

ஐடி துறைதானே நாட்டை உயர்த்தியது?

அந்நியச் செலாவணி என்று பார்த்தால் ஆமாம், 2023-24-ல் சுமார் 20,000 கோடி டாலர் ஏற்றுமதி. வேலை என்று பார்த்தால் அதே ஆண்டில் சுமார் 54 லட்சம் பேர். நாட்டில் வேலை செய்பவர்கள் 50 கோடிக்கும் மேல். நூற்றுக்கு ஒருவர்தான்.

பெண்களுக்கு இது எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57%, பெண்கள் 33%. தனக்கென்று பயன்படுத்தும் செல்போன் இருந்த பெண்கள் 54%. அதாவது "வீட்டில் போன் இருக்கிறது" என்ற புள்ளிவிவரத்தை நம்பித் திட்டம் போட்டால், ஓடிபி கணவர் சட்டைப் பையில்தான் ஒலிக்கும்.

பிராட்பேண்ட் 10% கூடினால் வளர்ச்சி 1.38% கூடும் என்று படித்தேன். உண்மையா?

2009-ல் உலக வங்கி வெளியிட்ட கணக்கு அது. வளரும் நாடுகளில் பிராட்பேண்ட் இணைப்பு 10 சதவீதப் புள்ளி கூடினால் பொருளாதார வளர்ச்சி 1.38 புள்ளி கூடும் என்றது. வளர்கிற நாடுதான் கேபிள் போடுகிறதா, கேபிள் போட்டதால் வளர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மேடைப் பேச்சுக்கு நல்ல எண். அதை வைத்து பட்ஜெட் போடாதீர்கள்.

டிஎன்பிஎஸ்சி கட்டுரையில் இதை எப்படி எழுதுவது?

"இன்றைய நவீன உலகில்" என்று ஆரம்பிக்காதீர்கள், திருத்துபவர் அதை நூறு தாளில் படித்திருப்பார். வடகரை மீனவர், மேலூர் மையம், ஆந்திரா–ஜார்க்கண்ட் ஒப்பீடு, இந்த மூன்றை எடுத்து ஏன் முடிவுகள் வேறுபட்டன என்று எழுதினாலே கட்டுரை நிற்கும். திட்டங்களின் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பத்தி போதும்.

ஆன்லைன் மோசடியில் போகும் பணத்தைக் கணக்கில் சேர்க்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை, சேர்க்கவேண்டும். கடன் ஆப் மிரட்டலும், போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் "டிஜிட்டல் அரெஸ்ட்" நாடகமும் புதிதாக இணையத்துக்கு வந்தவர்களைத்தான் அதிகம் பதம்பார்க்கின்றன. பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

எங்கள் ஊராட்சிக்கு ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. அடுத்து என்ன கேட்கலாம்?

ஊராட்சிகளுக்கு ஃபைபர் இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் செயல்படுத்துகிறது, 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு. பல இடங்களில் கேபிள் ஊராட்சி அலுவலகப் பெட்டிக்குள் வந்து நிற்கிறது. கிராம சபையில் இப்படிக் கேளுங்கள்: அந்தப் பெட்டியிலிருந்து பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு போயிருக்கிறதா? மின்சாரம் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? கேபிள் அறுந்தால் யாருக்கு போன் செய்வது, எத்தனை நாளில் வருவார்கள்? போன மாதம் எங்கள் ரேஷன் கடையில் எத்தனை பேருக்குக் கைரேகை பதியவில்லை, அவர்களில் எத்தனை பேர் பொருள் வாங்கினார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்மொழிப் பதில் அடுத்த கூட்டத்துக்கு வராது. கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.